மூளையப் படிக்கணுமா, சரி, எந்த மூளை?

"நியூரோசயின்ஸ்ல பிஎச்டி பண்ணணும்க்கா, மூளை எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும்"னு காலேஜ் முடிக்கப்போற தம்பி தங்கச்சிங்க யாராச்சும் வந்து கேட்டா நான் திருப்பி ஒண்ணுதான் கேப்பேன், எந்த மூளை? கிண்டலுக்கு கேக்கல. சி. எலிகன்ஸ்னு ஒரு மில்லிமீட்டர் நீளத்துல ஒரு புழு இருக்கு, அதுக்கு மொத்தமே 302 நியூரான், அதாவது நரம்பு செல்லுதான், எது எதோட சேருதுன்னு முழு வயரிங்கையும் வரைஞ்சு 1986லயே பேப்பர் போட்டுட்டாங்க, ஆனாலும் அந்தப் புழு அடுத்து எந்தப் பக்கம் திரும்பும்னு இன்னிக்கும் முழுசா சொல்ல முடியல. பழ ஈக்கு 1,39,255 நியூரான், அதோட முழு வரைபடம் 2024 அக்டோபர்லதான் வெளிய வந்துச்சு. சுண்டெலிக்கு ஏழு கோடி கிட்ட. மனுசனுக்கு 8,600 கோடி. இதுல எதைப் படிக்கப்போறீங்க?

அந்த மனுசக் கணக்கு எப்படி வந்துச்சுங்கிறதே தனிக்கதை. ரொம்ப வருஷமா புஸ்தகத்துல எல்லாம் பத்தாயிரம் கோடின்னுதான் போட்டிருந்துச்சு, அது எங்க இருந்து வந்த நம்பர்னு கேட்டா யார்கிட்டயும் ஒழுங்கா பதில் இல்ல. பிரேசில்காரங்க சுசானா ஹெர்குலானோ-ஹௌசெல், மூளைய அப்படியே கரைச்சு, செல்லோட நியூக்ளியஸ் மட்டும் மிதக்குற ரசம் மாதிரி ஆக்கி, நல்லா கலக்கி, சாயம் போட்டு, கொஞ்சமா எடுத்து எண்ணுனாங்க. மொதல்ல எலி, அப்புறம் 2009ல நாலு ஆம்பளைங்களோட மூளை. அதுல வந்ததுதான் 8,600 கோடி. நியூரானைவிட அதுக்குத் துணையா நிக்கிற கிளியா செல்லு பத்து மடங்கு அதிகம்னு சொல்லிட்டிருந்ததும் அதோட அடிபட்டுப்போச்சு, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். "எத்தனை இருக்கு"ங்கிற கேள்வி சின்னப்புள்ள கூட கேக்கும், எண்ணுறதுக்கு ஒரு வழிய கண்டுபுடிக்கத்தான் இவ்வளவு காலம் ஆச்சு.

நான் சொல்ல வர்றதும் அதேதான். இந்தப் பக்கம் வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் கேள்வியப் பாத்து வர்றாங்க, ஞாபகம் எங்க இருக்கு, கனவு ஏன் வருது, நான்ங்கிற நெனப்பு எப்படி வருது, இந்த மாதிரி. நல்ல கேள்விங்கதான், நானும் அப்படித்தான் வந்தேன். ஆனா அஞ்சாறு வருஷம் தினமும் காலைல எந்திரிச்சு உங்க கை செய்யப்போறது ஒரு டெக்னிக். கேள்வி மாறிடும், வேற லேப் முந்திக்கும், கைடுக்கு வேற கிராண்ட் வந்துடும், ரெண்டாவது வருஷத்துல உங்க ப்ராஜெக்டே வேற ஆயிடும். டெக்னிக் மாறாது. அதனால அந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமான்னு பாத்துட்டு அப்புறம் கேள்வியப் பாருங்க.

என் வேலை பேட்ச் கிளாம்ப், ஒரு செல்லுல ஓடுற கரண்ட்ட அளக்குற டெக்னிக். சுண்டெலிய மயக்கி, மூளைய எடுத்து, ஐஸ் கணக்கா குளிர்ந்த கரைசல்ல போட்டு, வைப்ரடோம்ங்கிற மெஷின்ல 300 மைக்ரான் தடிமனுக்கு ஸ்லைஸ் போடணும், அந்தக் கரைசலுக்குள்ள 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு குமிழ் விட்டுக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா செல்லு செத்துப்போயிடும். ஒரு மணி நேரம் ஸ்லைஸ தேறவிட்டு, மைக்ராஸ்கோப் அடியில வச்சு, நுனி ஒண்ணு ரெண்டு மைக்ரான் அளவுல இருக்குற கண்ணாடி பிப்பெட்ட ஒரு செல்லு மேல கொண்டுபோய் மெதுவா முட்டவிட்டு, டியூப் வழியா வாயால லேசா உறியணும். ஆமா, வாயாலதான். லட்சக்கணக்குல காசு போட்டு வாங்குன ஆம்ப்ளிஃபயர் எல்லாம் சுத்தி நிக்கும், கடைசில நடக்குறது ஒரு உறிஞ்சல். செல்லோட தோல் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சுன்னா ரெசிஸ்டன்ஸ் கிகா ஓம்ல ஏறும், அதுக்குப் பேரு சீல். சீல் கெடைக்காத நாள்ல மெஸ் சாப்பாடு இன்னும் மோசமா இருக்கும். ஸ்லைஸ் சாயங்காலம் வரைக்கும் தாங்குனா பெருசு, அதனால டீ, போன், பாத்ரூம் எல்லாமே அந்த செல்லோட இஷ்டம். எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் செல்லோட தோல்ல அயனிங்க போய்வர்ற ஓட்டையான ஒத்தை அயன் சேனல்ல ஓடுற கரண்ட்ட கண்ணாடி பிப்பெட்ட வச்சு அளந்து 1976ல பேப்பர் போட்டு, 1991ல நோபல் வாங்குனாங்க. அம்பது வருஷம் கிட்ட ஆச்சு, இன்னும் உறிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கோம்.

இதுல யாரும் சொல்லித்தராத பாதி வேலை இரைச்சல் புடிக்கிறது. நாம அளக்குறது பைக்கோ ஆம்பியர் கணக்குல, சுவத்துக்குள்ள ஓடுற கரண்ட்டு, டியூப்லைட்டு, பக்கத்து ரூம் ஃப்ரீசர் எல்லாம் சேர்ந்து 50 ஹெர்ட்ஸ்ல ரீங்காரம் போட்டுக்கிட்டே இருக்கும். எந்த வயர் எர்த் ஆகல, எந்த எடத்துல ரெண்டு தடவ எர்த் ஆயிருக்கு, எது ஆன்டெனா மாதிரி நிக்குதுன்னு ஒண்ணொண்ணா கழட்டி மாட்டி, அலுமினியம் ஃபாயில் சுத்தி, நாள் கணக்குல ஓடும். நான் பி.இ. ஈசிஇ. பயாலஜி படிச்சு வந்த பொண்ணுங்க பசங்க எல்லாம் அந்த ரிக்க, அதாவது இந்த மெஷினெல்லாம் மாட்டுன செட்டப்பப் பாத்து பயந்தப்போ எனக்கு மட்டும் அது சொந்த ஊருக்குப் போன மாதிரி இருந்துச்சு, நாலு வருஷம் படிச்சதுல உருப்படியா உதவுனது அங்கதான். வேற லேப்ல சேந்திருந்தா அது பத்து பைசாவுக்கு உதவியிருக்காது, அதுவும் உண்மை.

ஈ லேப்ல இருக்குற என் ஃப்ரெண்டோட வாழ்க்கையே வேற. கிராஸ் போடணும்னா, அதாவது ரெண்டு ரக ஈய இணைசேக்கணும்னா, கன்னி ஈ வேணும், கூட்டுப்புழுக் கூட்ட விட்டு வெளிய வந்து எட்டு மணி நேரத்துக்குள்ள பொண்ணு ஈய தனியா பிரிச்சு எடுத்தாகணும், அதனால அவ விடியக்காலைலயும் ராத்திரியும் லேப்ல இருப்பா, பகல்ல தூங்குவா. தீபாவளிக்கு ஊருக்குப் போறதுன்னா ஈக்கு சாப்பாடு மாத்த ஆள் புடிக்கணும். மனுசங்க தலையில எலக்ட்ரோட் ஒட்டி மூளையோட மின் அலைய அளக்குற ஈஈஜி பண்றவங்களுக்கு பிரச்சினை தேங்காய் எண்ணெய். நம்ம ஊர்ல தலைக்கு எண்ணெய் வைக்காம ஒருத்தர் வர்றதே அபூர்வம், எண்ணெய் இருந்தா எலக்ட்ரோட் ஒழுங்கா ஒட்டாது, அதனால ஷாம்பூ போட்டு குளிச்சுட்டு வாங்கன்னு மெசேஜ் அனுப்பிக்கிட்டே இருப்பாங்க, வர்றதா சொன்னவங்க வரமாட்டாங்க, வந்தவங்க பாதில தூங்கிடுவாங்க. ஹான்ஸ் பெர்கர் 1924ல ஜெர்மனில மொத மொதல்ல மனுசத் தலையில இருந்து அந்த அலைய எடுத்துட்டு, அஞ்சு வருஷம் கழிச்சு 1929லதான் வெளிய சொன்னார். ஈஈஜி டேட்டாவோட மல்லுக்கட்டுன யாருக்கும் அந்த அஞ்சு வருஷ தயக்கம் நல்லாவே புரியும். கம்ப்யூட்டேஷனல் ஆளுங்க ஏசி ரூம்ல லேப்டாப்போட உக்காந்திருக்குறதப் பாத்து எங்களுக்கு பொறாமை, அவங்களுக்கோ நெஜ செல்லு ஒண்ணக்கூட கண்ணால பாத்ததில்லைன்னு ஒரு கொறை.

நம்ம ஊர்ல நியூரோசயின்ஸ்னா எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லில டாக்டருக்குப் படிச்சுட்டு கேம்பிரிட்ஜ் போனவர். கை போனவங்களுக்கு அந்த இல்லாத கை வலிக்கிறத, ஒரு பெட்டிக்குள்ள கண்ணாடிய வச்சு, இருக்குற கைய இல்லாத கை மாதிரி காமிச்சு கொறைக்கப் பாத்தார். பிரமாதமான வேலை. ஆனா அதைப் படிச்சுட்டு வர்ற பசங்க நியூரோசயின்ஸ்னாலே ஒரு கண்ணாடியும் ஒரு பளிச் ஐடியாவும் போதும்னு நெனச்சுடுறாங்க, அதுதான் சிக்கல். அந்த மாதிரி சோதனை நூத்துல ஒண்ணு அமையும். மீதி எல்லாம் ஃபாயில் சுத்துறது.

இன்னொரு விஷயம், இதை இன்டர்வியூல யாரும் வெளிப்படையா பேசமாட்டாங்க. மிருக லேப்னா கொல்லணும். எலி மூளைய சாயம் போட்டுப் பாக்கணும்னா, மயக்கத்துல இருக்குற எலியோட நெஞ்சைத் திறந்து, இதயத்துல ஊசி குத்தி, ரத்தத்த வெளியேத்தி, 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு உள்ள விடணும், அப்பதான் மூளை கெடாம இறுகும். ஒவ்வொரு இன்ஸ்டிட்யூட்லயும் இதுக்குன்னு எதிக்ஸ் கமிட்டி இருக்கு, எத்தனை எலி, எதுக்கு, எப்படின்னு எழுதிக்குடுத்து அனுமதி வாங்காம ஒண்ணும் செய்ய முடியாது, அது சரியான ஏற்பாடுதான். ஆனா கமிட்டி பேப்பர்ல கையெழுத்து போடும், எலிய கையில புடிக்கப்போறது நீங்க. சிலருக்கு பழகிடுது, சிலருக்கு பழகவே மாட்டேங்குது, பழகிடுச்சேன்னே சிலருக்கு வருத்தம். என்னால முடியாதுன்னு தோணுச்சுன்னா அதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல, மனுசங்க மூளைய ஸ்கேன் பண்ணுற எஃப்எம்ஆர்ஐ, ஈஈஜி, கம்ப்யூட்டர் மாடலிங்னு பாதித் துறை அந்தப் பக்கம் இருக்கு. சேர்றதுக்கு முன்னாடி ஒரு சம்மர் அந்த மாதிரி லேப்ல நின்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, சேந்து ரெண்டு வருஷம் கழிச்சு இல்ல.

எந்த டிகிரி வேணும்னு கேக்குறாங்க. எங்க பேட்ச்ல ஈசிஇ, பயோடெக், பிசிக்ஸ், சைக்காலஜி, பிசியோதெரபி, ஒரு வெட்னரி டாக்டர் எல்லாம் இருந்தாங்க. நம்மூர் பிரச்சினை டிகிரி இல்ல, பதினொண்ணாங்கிளாஸ்ல எடுக்குற குரூப். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தா பயாலஜி அதோட போச்சு, ப்யூர் சயின்ஸ் எடுத்தா கணக்கு அதோட போச்சு. பதினஞ்சு வயசுல அப்பா அம்மா, ஸ்கூல் எல்லாம் சேர்ந்து எடுக்குற முடிவு அது, ஆனா இந்தத் துறைக்கு ரெண்டும் வேணும். நான் செல்லுன்னா என்னன்னு இருபத்திரெண்டு வயசுல உக்காந்து படிச்சேன், என் பக்கத்து சீட் பொண்ணு அதே வயசுல டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் படிச்சா. அவளுக்குத்தான் கஷ்டம் அதிகம்னு இன்னிக்கும் சொல்லுவேன். உயிரியல் வார்த்தைங்கள மனப்பாடம் பண்ணியாச்சும் தேத்திடலாம், கணக்கு அப்படி வராது. அதனால பயாலஜி பசங்களுக்கு என் ஒரே யோசனை, லீனியர் அல்ஜீப்ராவும் பைத்தானும் இப்பவே ஆரம்பிச்சுடுங்க.

கணக்கு எதுக்குன்னு சந்தேகம் இருந்தா ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி கதையக் கேளுங்க. இங்கிலாந்துல பிளிமத் கடற்கரைல கணவாய் மீனோட தடிச்ச நரம்ப எடுத்து, வோல்டேஜ மாத்தி மாத்தி, சோடியம் எவ்வளவு போகுது பொட்டாசியம் எவ்வளவு போகுதுன்னு அளந்து, அதை ஈக்வேஷனா எழுதுனாங்க. அந்த ஈக்வேஷனத் தீத்தா நெஜமாவே ஆக்‌ஷன் பொட்டென்ஷியல்ங்கிற நரம்பு சிக்னல் மாதிரி வருதான்னு பாக்கணும், அப்பன்னு பாத்து கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர மாத்தியமைக்கிறோம்னு நிறுத்திட்டாங்க. ஹக்ஸ்லி கைப்பிடி சுத்துற பிரன்ஸ்விகா கால்குலேட்டர்ல வாரக்கணக்குல உக்காந்து சுத்தியே தீத்தார். 1952ல பேப்பர், 1963ல நோபல். இன்னிக்கு உங்க லேப்டாப்ல அதே ஈக்வேஷன் கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள ஓடிடும், பிஎச்டி இன்டர்வியூ போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாச்சும் நீங்களே எழுதி ஓட்டிப் பாத்துடுங்க, ஏன்னா ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் வரைஞ்சு காட்டுன்னு கேக்காத நியூரோசயின்ஸ் இன்டர்வியூ நான் கேள்விப்பட்டதே இல்ல.

இந்தியால எங்க படிக்கலாம்னா, ஹரியானா மானேசர்ல என்பிஆர்சி, இது முழுக்க மூளைக்குன்னே இருக்குற இன்ஸ்டிட்யூட். பெங்களூர்ல ஐஐஎஸ்சி சென்டர் ஃபார் நியூரோசயின்ஸ், என்சிபிஎஸ், நிம்ஹான்ஸ். மும்பைல டிஐஎஃப்ஆர். நம்ம ஐஐடி மெட்ராஸ்ல சுதா கோபாலகிருஷ்ணன் பிரெய்ன் சென்டர், கரு வளர்ற கட்டத்து மனுச மூளைய 5,000க்கு மேல ஸ்லைஸ் போட்டு செல்லு தெரியிற அளவுக்கு படமெடுத்து தரணின்னு பேர் வச்சு 2024 டிசம்பர்ல உலகத்துக்கே இலவசமா திறந்துவிட்டாங்க, எஞ்சினியரிங் படிச்சவங்களுக்கு அது நல்ல எடம். நிம்ஹான்ஸ்ல ஒரு பிரெய்ன் மியூசியம் இருக்கு, நெஜ மனுச மூளைய கையில வாங்கிப் பாக்கலாம், பெங்களூர் போனா கூட்டம் கூட்டமா மால் சுத்தாம அங்க போங்க.

உள்ள போறதுக்கு பரீட்சைதான் வழி: சிஎஸ்ஐஆர் நெட், கேட், மத்திய அரசு பயோடெக்னாலஜி துறை டிபிடியோட பெட், டிஐஎஃப்ஆரோட ஜெஜீபில்ஸ். இதுல ஜெஜீபில்ஸ் எனக்குப் புடிக்கும், கிரெப்ஸ் சைக்கிள்ல எத்தனாவது என்சைம்னு கேக்காம ஒரு கிராஃபக் குடுத்து இதுல இருந்து என்ன தெரியுதுன்னு கேப்பாங்க, கோச்சிங் சென்டர் நோட்ஸ் அங்க ரொம்ப தூரம் ஓடாது. ஸ்டைபெண்ட் 2023 ஜனவரில இருந்து ஜேஆர்எஃப்னா (ஜூனியர் ஃபெல்லோ) மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு எஸ்ஆர்எஃப் (சீனியர்) ஆனா 42,000, அதோட வீட்டு வாடகைப்படி. பிஎம்ஆர்எஃப்ங்கிற பிரதமர் ஃபெல்லோஷிப் கெடச்சவங்களுக்கு ஆரம்பமே 70,000, அவங்க எங்களுக்கு பிரியாணி வாங்கித் தரணும்ங்கிறது எழுதாத சட்டம். கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா சில மாசம் வராது. வராம வராம திடீர்னு மொத்தமா வரும். வீட்டு ஓனர்கிட்ட அதை சொன்னா புரியாது, அதனால மூணு மாசத்துக்கு தாங்குற மாதிரி கையில வச்சுட்டு சேருங்க. வீட்டுல பணம் அனுப்பணும்ங்கிற நெலமை இருந்தா இன்னும் யோசிங்க, இதை வெளிப்படையா சொல்றவங்க கம்மி.

வெளிநாடு போறவங்களுக்கு சுருக்கமா. அமெரிக்கால மாஸ்டர்ஸ் இல்லாமலே பிஎச்டிக்கு அப்ளை பண்ணலாம், ஃபீஸ் அவங்களே கட்டி ஸ்டைபெண்டும் தருவாங்க, மொத வருஷம் ரெண்டு மூணு லேப்ல ரொட்டேஷன் பண்ணிட்டு அப்புறம் ஒண்ணத் தேர்ந்தெடுக்கலாம், இந்த ரொட்டேஷன் ஒண்ணுக்காகவே அந்த சிஸ்டம் நல்லதுன்னு சொல்லுவேன். ஜிஆர்இ நெறைய எடத்துல எடுத்துட்டாங்க, டெட்லைன் பெரும்பாலும் டிசம்பர் ஆரம்பத்துல வரும். ஆனா 2025ல மருத்துவ ஆராய்ச்சிக்கு காசு குடுக்குற அந்த ஊர் அரசு அமைப்பான என்ஐஎச் பணத்துல கை வச்சதும் பல யுனிவர்சிட்டிங்க சேர்க்கைய கொறைச்சாங்க, சில எடத்துல குடுத்த ஆஃபரையே திரும்ப வாங்கிட்டாங்க, அதனால அதை மட்டும் நம்பி உக்காராதீங்க. ஜெர்மனில ஃபீஸ் இல்லைன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நியூரோசயின்ஸ்க்கு பேர்போன டூபிங்கன், ஹைடல்பெர்க், ஃப்ரைபர்க் மூணும் இருக்குறது பாடன்-வூர்டெம்பர்க் மாநிலத்துல, அங்க மாஸ்டர்ஸ் படிக்கப் போற நம்மள மாதிரி வெளி ஆளுங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, விசாவுக்கு பிளாக்ட் அக்கவுன்ட்ல, அதாவது மாசாமாசம் கொஞ்சமா மட்டும் எடுக்க முடியிற கணக்குல, பணம் காட்டணும், 2025ல அது 11,904 யூரோ. லோன் போட்டு ஒரு வருஷ மாஸ்டர்ஸ் போறத மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஒரு வருஷத்துல டெக்னிக் கையில ஒட்டாது, கடன் மட்டும் ஒட்டும்.

கைடு. இதுக்குத்தான் நெறைய எழுதணும். ஒரு லேப்ல சேர்றதுக்கு முன்னாடி அந்த லேப் பசங்கள கேண்டீனுக்கு கூட்டிட்டுப் போய், கைடு இல்லாதப்போ, டீ வாங்கிக் குடுத்து பேசுங்க. "சார் எப்படி"ன்னு கேட்டா எல்லாரும் நல்லவர்னுதான் சொல்லுவாங்க. கடைசியா முடிச்சவங்க எத்தனை வருஷத்துல முடிச்சாங்க, பாதில போனவங்க யாராச்சும் உண்டா, பேப்பர்ல மொத பேரு யாரு போடணும்னு எப்ப முடிவாகும், ஞாயித்துக்கிழமை போன் வருமா, லீவு கேட்டா மூஞ்சி எப்படி இருக்கும், இப்படிக் கேளுங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்கன்னா உங்களுக்கு பதில் கெடச்சாச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், படு கெட்டிக்காரன், கேள்வி புடிச்சிருக்குன்னு ஒரு லேப்ல சேந்தான், அந்த கைடு மீட்டிங்ல எல்லாரு முன்னாடியும் கத்துற ஆளு. மூணாவது வருஷம் அவன் ஊருக்குத் திரும்பிப் போயிட்டான். அவனோட கேள்வி இன்னும் நல்ல கேள்விதான், வேற யாரோ பண்ணிட்டிருக்காங்க.

பொண்ணுங்களுக்கு தனியா ஒரு வரி. "அஞ்சு வருஷமா, அப்ப கல்யாணம்?"னு அத்தைங்க கேப்பாங்க, அதுக்கு பதில் எங்கிட்ட இல்ல, எங்க அத்தைக்கு ஒத்தைத் தலைவலிக்கு மாத்திரை சொல்லத் தெரியாத நான் என்ன மூளை படிக்கிறேன்னே இன்னும் சந்தேகம். அப்பாதான் எல்லார்கிட்டயும் "எலிக்கு ஈசிஜி எடுக்குது"ன்னு சொல்லி வச்சிருக்கார், கிட்டத்தட்ட சரிதான், விட்டுட்டேன்.

முடிச்சப்புறம் வேலை? புரொஃபசர் ஆகணும்னா போஸ்ட்டாக் போகணும், அதாவது பிஎச்டிக்கு அப்புறம் இன்னொரு லேப்ல ஆராய்ச்சி பண்ணணும், பெரும்பாலும் வெளிநாடு, அதுக்கப்புறமும் சீட்டு கம்மி. டேட்டா சயின்ஸ், மெடிக்கல் டிவைஸ், பார்மா கம்பெனி, சயின்ஸ் ரைட்டிங்னு என் சீனியருங்க போயிருக்காங்க, கோடிங் தெரிஞ்சவங்களுக்கு சுலபமா கெடச்சுது, புரோட்டீன் இருக்கான்னு பாக்குற வெறும் வெஸ்டர்ன் பிளாட் டெக்னிக் மட்டும் தெரிஞ்சவங்க அலைஞ்சாங்க. டெக்னிக்க பாத்து சேருங்கன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றதுக்கு இதுவும் காரணம்.

இப்ப காலேஜ்ல இருக்குறவங்க காசில்லாம செய்யக்கூடியதுன்னா, மூணு சயின்ஸ் அகாடமியும் சேர்ந்து குடுக்குற சம்மர் ஃபெல்லோஷிப்புக்கு அப்ளை பண்ணுங்க, ரெண்டு மாசம் ஒரு நெஜ லேப்ல ஸ்டைபெண்டோட இருக்கலாம். நியூரோமேட்ச்னு 2020ல ஆரம்பிச்ச ஆன்லைன் சம்மர் ஸ்கூல் இருக்கு, ஃபீஸ் நாட்டுக்குத் தகுந்த மாதிரி கொறையும், பாடம் எல்லாம் சும்மாவே திறந்து கெடக்கு. ஆலன் இன்ஸ்டிட்யூட் சுண்டெலி மூளை டேட்டாவ மொத்தமா இலவசமா போட்டிருக்கு, எறக்கி ஒரு கிராஃப் போட்டுப் பாருங்க.

அப்புறம் லேப்புக்கு மெயில். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் பேஷனேட் அபவுட் பிரெய்ன்"னு நூறு பேருக்கு ஒரே மெயில அனுப்பாதீங்க, எங்க கைடு அதையெல்லாம் திறக்கிறதே இல்ல, பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். அவங்க லேப் பேப்பர் ஒண்ண முழுசா படிச்சு, அதுல எந்தப் படம் புரியல, ஏன் இப்படி பண்ணாம அப்படி பண்ணீங்கன்னு ஒரு கேள்வி, உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்னு ரெண்டு வரி, எந்த மாசம் வர முடியும்னு ஒரு வரி, சிவி ஒரு பக்கம். மெயில் சாயங்காலம் போகாம காலைல போனா நல்லது. ரெண்டு வாரம் பதில் வரலைன்னா ஒரே ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க, அப்பவும் வரலைன்னா அடுத்த லேப் பேப்பர எடுத்துப் படிக்க ஆரம்பிச்சுடுங்க.